பேச்சியம்மாவின் கால்

கல்லோடைத் தோட்டத்தில் பேச்சியம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. தேயிலைக் கொழுந்து எடுப்பதில் வேகக்காரி, வாய் அதைவிட வேகம். நிறுவைக்கு நின்ற மேற்பார்வைக்காரர் கண்டாக்கு ஐயாவைப் பார்த்து, "கூடைய மட்டும் நிறுங்கய்யா, உங்க கையையும் சேத்து நிறுக்காதீங்க" என்று அத்தனை பெண்களுக்கு முன்னால் சொன்னவள். அதற்காக மறுநாள் அவளை அரைநாள் சம்பளமான அரைப்பேரோடு, வரிசை வீடுகளான லயத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாளாம்.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, காட்டோரமாக ஏறினால் வருகிற தோட்டம் அது. வருஷத்தில் பாதிக்கு மேல் மழைதான். காட்டை ஒட்டிய மலைகளில் அட்டை புல்நுனிக்குப் புல்நுனி நின்றுகொண்டு ஆடும். அட்டை ஏறாமலிருக்கப் பெண்கள் காலில் சவுக்காரத்தை அப்பிக்கொண்டு போவார்கள். மழை அதைக் கழுவிவிடும். வேலை முடிந்து லயத்துக்கு வரும்போது கணுக்காலெல்லாம் ரத்தம் இறங்கியிருக்கும். அதை யாரும் ஒரு குறையாகச் சொல்வதில்லை. மழையைப் போல, குளிரைப் போல, அதுவும் ஒன்று.

இலங்கை சுதந்திரம் அடைந்த வருஷம் பேச்சியம்மா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தாள். அதற்கு மேல் அங்கே வகுப்பில்லை. அவள் பேரைச் செக்ரோல் என்ற சம்பள ஏட்டில் பதிந்து கொழுந்துக்கு அனுப்பினார்கள். நான்கு வயது இளையவன் தம்பி கணேசமூர்த்தி. அவனுக்கும் ஐந்தாம் வகுப்பு முடிந்தபோது, "இவன ஹட்டனுக்கு அனுப்பிப் படிக்க வைங்க" என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் அப்பா செல்லசாமியிடம் வந்து சொன்னார். செல்லசாமி பெண்சாதி மீனம்மாவைப் பார்த்தார். மீனம்மா மகளைப் பார்த்தாள்.

"அனுப்புங்கப்பா. எம்பேருதான் தெனமும் விழுதுல்ல, சம்பளம் வருதுல்ல" என்றாள் பேச்சியம்மா.

அன்றிலிருந்து அவள் எடுத்த கொழுந்தில் தம்பி படித்தான். ஹட்டன் பள்ளிக்கூடம் முடிந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டான். அந்தச் சேதி வந்த அன்று லயத்தார் எல்லாரும் வந்து இஸ்தோப்புத் திண்ணையில் நின்றார்கள். ஆனால் அதைக் கேட்கச் செல்லசாமி இல்லை.

செல்லசாமி அதே லயத்தில், அதே மூன்றாம் காம்பரா அறையில் பிறந்தவர். தோட்டத்து ஆட்கள் எழுதிக் கேட்டுத்தான் குடியுரிமை வாங்க வேண்டும் என்று பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் எல்லாரையும் போல அவரும் மனுப் போட்டார். வருஷக்கணக்கில் காத்திருந்த பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் ஒருமுறை, ஊருக்குத் திரும்பிப் போயிருந்த தாயார் செத்த காரியத்துக்கு இந்தியாவுக்குப் போனவர், அங்கே காய்ச்சலில் விழுந்து மாசக்கணக்கில் கிடந்துவிட்டுத் திரும்பியிருந்தார். இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததற்கு அத்தாட்சி போதாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அப்பாவுக்கு இல்லாதது பிள்ளைகளுக்கும் இல்லை. வீட்டுக்கு வந்த செல்லசாமி, "நான் எந்த ஊருக்காரன்னு இவனுங்களுக்கு நான் அத்தாட்சி காட்டணுமாம்" என்று ஒருதரம் சொன்னார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த வருஷம் நெஞ்சுச் சளியில் போய்விட்டார்.

படிக்கிற பிள்ளையிடம் யாரும் இதைப் பேசவில்லை. படித்துவிட்டால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்று வீட்டில் ஒரு நினைப்பு.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷ லீவில் கணேசமூர்த்தி ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிப் போத்தல்களோடு வந்து இறங்கினான். பேராசிரியர் குலரத்தினம் அவனை ஒரு ஆராய்ச்சி செய்யச் சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகள் மீன், பட்டாம்பூச்சி என்று எடுத்துக்கொள்ள, இவன் அட்டையை எடுத்திருந்தான்.

"அக்கா, ஒரு கால் கடன் குடு" என்றான்.

"எதுக்குடா? ஒனக்கு இருக்கிற ரெண்டு காலு போதாதா?"

"எங்கால நானே பாத்து எழுத முடியாதுல்ல. அட்டைக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அப்புறம் எப்புடி ஆளு வர்றதக் கண்டுபுடிக்குது? நம்ம சூடா, நடக்கிற அதிர்வா, விடுற மூச்சா? அதத்தான் பாக்கப் போறேன்."

காட்டோரத்தில் ஈரச்சாக்கை விரித்து நடுவில் அட்டைகளை விடுவான். ஒரு பக்கம் வெந்நீர் ஊற்றிய போத்தல், இன்னொரு பக்கம் பேச்சியம்மாவின் கால். சில நாள் மூச்சை அடக்கச் சொல்வான். சில நாள் குனிந்து ஊதச் சொல்வான். அட்டை போத்தல் பக்கம் போனால் பேச்சியம்மா கைகொட்டிச் சிரிப்பாள். "பாத்தியா, எங்காலும் வெந்நி போத்தலும் அதுக்கு ஒண்ணுதான்!" யாரிடமோ இரவல் வாங்கிய காமிராவில் அவன் படமும் பிடித்தான்.

மீனம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "கொமரிப் புள்ள காலப் படம் புடிக்கிறானே, நாளைக்கு நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"நல்ல காலுன்னு சொல்லுவாங்க" என்றாள் பேச்சியம்மா.

கொமரி என்று மீனம்மா சொன்னாலும் பேச்சியம்மாவுக்கு அப்போது இருபத்தைந்து கடந்துவிட்டது. பெண் கேட்டு வந்தவர்களை, தம்பி படிப்பு முடியட்டும் என்று அவளேதான் திருப்பி அனுப்பினாள்.

அதற்கடுத்த லீவில் ஒரு கடி புரையோடிவிட்டது. முழங்காலுக்குக் கீழே கால் பனங்காய் போல வீங்கி, காய்ச்சலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அத்தனை நாள் வேலை போயிற்று, பேரும் போயிற்று. தம்பி படுக்கைக்குப் பக்கத்திலேயே இருந்தான். "எல்லாம் என்னாலதான் அக்கா" என்று அழுதான். "அழாதடா, ஆஸ்பத்திரிக்காரன் நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கப் போறான்" என்று அவள் அவன் தலையில் தட்டினாள். கால் ஆறியது. காசளவு கறுப்புத் தழும்பு ஒன்று முன்னங்காலில் நிலைத்துவிட்டது.

ஆராய்ச்சி நன்றாக வந்திருந்தது. கொழும்பில் ஒரு விஞ்ஞானச் சங்கம் வருஷாவருஷம் மாநாடு கூட்டுகிறதாம். அதில் மாணவர்களும் தங்கள் ஆராய்ச்சியை வாசிக்கலாமாம். எது சிறந்ததோ அதற்கு ஒரு பதக்கம். அதோடு, தேயிலைக் கம்பெனிகள் சேர்ந்து கொடுத்த பணத்தில் ஒரு உதவித்தொகை. அதை வாங்குகிறவர் ஒரு வருஷம் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்து ஆராய்ச்சியைத் தொடரலாம். குலரத்தினம் ஐயா கணேசமூர்த்தியின் பேரைக் கொடுத்துவிட்டார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம், மார்கழி மாசம்.

ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்த ஜமால்தீன் நானாதான் கோட்டுத் தைத்துக் கொடுத்தார். கணேசமூர்த்தி ஹட்டனில் படித்த நாளில் அவர் கடைக்குப் பின்னால் உள்ள அறையில்தான் தங்கியிருந்தான். பேச்சியம்மாவையும் மாநாட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னதும் அவர்தான்.

"தம்பி மேடையில ஏறுறத்த ஒங்கட வூட்டாள் ஒராளு சரி பாக்கத் தேவல்லயா? ஏண்ட தங்கச்சி கமறியா கொழும்பு கொம்பனித்தெருவில ஈக்கிறா. அங்க தங்கலாம். நான் சொல்லி அனுப்புறன்."

கணேசமூர்த்தி கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். "அக்காவுக்கு அங்க ஒண்ணும் வெளங்காதே நானா" என்றான்.

"வெளங்காட்டி என்ன? கண்ணு ஈக்குதானே" என்றார் ஜமால்தீன்.

அந்தத் தயக்கத்தைப் பேச்சியம்மா கவனிக்கவில்லை. கொழும்பைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் இருந்தாள். கமறியா நல்ல பெண். காலையில் வாசலில் நிறுத்தி, "வெறுங்காலோட அங்க போகேல" என்று தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். அது ஒரு விரல் சின்னது. பேச்சியம்மா அதிலேயே நடந்து போனாள்.

பெரிய மண்டபம். மேலே விசிறிகள் சுற்றின. கணேசமூர்த்தி அவளைக் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தான்.

"இங்கயே இரு அக்கா. எந்திரிச்சு வந்துராத. முடிஞ்சதும் நானே வர்றேன்."

ஒவ்வொருவராக ஏறி இங்கிலீஷில் பேசினார்கள். அவளுக்குத் தூக்கம் வந்தது. தம்பி பேர் கூப்பிட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோட்டுப் போட்டுக்கொண்டு, கையை ஆட்டாமல், துரைமார் பேசுகிற மாதிரி பேசினான். அது தன் தம்பிதானா என்று இருந்தது. பிறகு விளக்குகளை அணைத்தார்கள். வெள்ளைச் சீலையில் படம் விழுந்தது.

அது அவளுடைய கால்.

ஒரு கதவளவு பெரிதாக, வெளிச்சத்தில் நின்றது. வெடித்த குதிகால், மண் ஏறிய நகங்கள், முன்னங்காலில் அந்தத் தழும்பு. நான்கு அட்டைகள் குடித்து ஊதித் தொங்கின. முன்வரிசையில் ஒரு பெண் "ச்சீ" என்று முகத்தைத் திருப்பினாள். சில பேர் சிரித்தார்கள். பேச்சியம்மா நாற்காலிக்கு அடியில் காலைச் சீலைக்குள் இழுத்துக்கொண்டாள். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. 'ஏங்காலுதாங்க அது' என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

தம்பி பேசி முடித்ததும் தலை நரைத்த ஒருவர் எழுந்து, படத்தைக் காட்டி ஏதோ கேட்டார். தம்பி லேசாகச் சிரித்துக்கொண்டு பதில் சொன்னான். அந்த இங்கிலீஷுக்கு நடுவே ஒரே ஒரு சொல் பேச்சியம்மாவின் காதில் தெளிவாக வந்து விழுந்தது.

கூலி.

கேட்டவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். விளக்குகள் எரிந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். பேச்சியம்மாவும் தட்டினாள். கை தானாகத் தட்டியது.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். முதலாவதாகக் கணேசமூர்த்தி. இரண்டாவதாக விக்கிரமநாயக்க என்று ஒரு சிங்கள இளைஞன், குளத்து நத்தைகளைப் பற்றிப் பேசியவன். தம்பி மேடைக்கு ஏறிப் பதக்கத்தை வாங்கினான். சங்கத்துத் தலைவர் அவன் தோளில் கைபோட்டு இங்கிலாந்தைப் பற்றி ஏதோ சொன்னார். அன்றைக்குக் கொம்பனித்தெருவில் கமறியா வட்டிலப்பம் செய்து வைத்திருந்தாள். கணேசமூர்த்தி இங்கிலாந்தில் பனி எப்படிப் பெய்யும் என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சியம்மா சாப்பிட்டாள். காலையில் கேட்ட சொல்லைப் பற்றி வாயெடுக்கவில்லை. அவன் சந்தோஷத்தில் மண் போடக் கூடாது என்று இருந்தாள்.

மறுநாள் உதவித்தொகைக் காகிதங்களில் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தார்கள். காரியதரிசியின் அறைக்கு வெளியே பெஞ்சில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். கதவு முழுக்கச் சாத்தவில்லை. முதலில் சிரிப்புக் கேட்டது. பிறகு காரியதரிசியின் குரல் ஏதோ கேட்டது. தம்பியின் குரல் கேட்கவில்லை. காரியதரிசி திரும்பவும் கேட்டார். தம்பி மெல்ல எதையோ சொன்னான். அதற்குப் பிறகு காகிதங்களை அடுக்குகிற சத்தம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவளைப் பார்த்து நின்றார்.

"நீர் ஆர் பிள்ளை? ஆரைப் பாக்க வந்தனீர்?"

"நான் கணேசமூர்த்தியோட அக்காங்க. தோட்டத்துலேருந்து வந்திருக்கேன்."

அவர்தான் பேராசிரியர் குலரத்தினம். "தோட்டத்தில இருந்தோ?" என்றார். அவர் பார்வை கீழே இறங்கியது. சின்னச் செருப்பு கடித்ததால் அவள் சீலையை ஏற்றிக் காலை வெளியே நீட்டி வைத்திருந்தாள். தழும்பைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து போய்விட்டார்.

கணேசமூர்த்தி வெளியே வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"என்னடா ஆச்சு?"

"வா, போவோம்."

தெருவுக்கு வந்த பிறகுதான் சொன்னான். உதவித்தொகை இந்த நாட்டுப் பிரஜைகளுக்கு மட்டும்தானாம். பிரஜாவுரிமை அத்தாட்சி கேட்டார்கள். இல்லையென்றான். பாஸ்போட் எப்படி எடுப்பாய் என்றார்கள். எந்த நாட்டுப் பாஸ்போட் என்று கேட்டார்கள். அதற்கும் அவனிடம் பதில் இல்லை. பதக்கத்தை வைத்துக்கொள்ளட்டும், அதில் தடையில்லை, பணம் இரண்டாவதாக வந்தவருக்குப் போகும் என்று காரியதரிசி மரியாதையாகச் சொன்னாராம். ரொம்ப மரியாதையாக.

"ஒங்க குலரத்தினம் ஐயா ஒண்ணும் சொல்லலியா?"

"சட்டம்னா சட்டந்தானேன்னாரு."

கோச்சி ரயிலில் ஹட்டன் வரும்வரை அவன் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான். வாங்கிக் கொடுத்த வடையை மடியில் வைத்துக்கொண்டே வந்தான்.

லயத்தில் மீனம்மா ஒன்றும் அறியாமல் பதக்கத்தை வாங்கிச் சாமிப் படத்துக்குக் கீழே மாட்டினாள். பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். தங்கமா என்று எல்லாரும் கேட்டார்கள். கணேசமூர்த்தி உள் இருட்டில் படுத்துக் கிடந்தான். மூன்றாம் நாள் மீனம்மா, "சீமைக்கு எப்ப ராசா போற?" என்று கேட்டதும் எழுந்து கத்தினான்.

"போகல! நான் எங்கயும் போகல! நம்மளுக்கு நாடு கெடையாது, தெரியுதா? அன்னைக்கு அப்பா ஊருக்குப் போயிக் கெடந்தாரே, அந்த மாசங்களுக்கு இன்னைக்கு நான் கட்டுறேன்!"

மீனம்மா சுவரோடு ஒண்டிப்போனாள். செத்தவரை இழுத்ததும் பேச்சியம்மாவுக்குத் தாங்கவில்லை.

"அப்பாவ ஏண்டா பேசுற? அங்க ஒன்ன யாருன்னு கேட்டாங்க, நீ முழிச்ச. அதுக்கு முந்துன நாளு என்ன யாருன்னு கேட்டாங்க. அப்ப மட்டும் ஒனக்கு வாயி வந்துச்சே!"

அவன் திகைத்துப் போய் நின்றான். "என்னக்கா சொல்ற?"

"அந்தக் காலு யாருதுன்னு அந்த நரைச்ச ஆளு கேட்டாருல்ல? நீ என்ன சொன்ன?"

"ஒனக்கு இங்கிலீசு..."

"கூலிங்கிறதுக்கு இங்கிலீசு படிக்கணுமாடா?"

மழைச் சத்தம் தகரத்தில் கொட்டியது. அவன் உட்கார்ந்துவிட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் லயத்துப் புள்ளன்னு அங்க யாருக்கும் தெரியாதுக்கா. நானாவோட கடைய எங்க கடைன்னு சொல்லி வச்சிருந்தேன். ஒரு பொய்ய சொல்லிட்டா பின்னாலயே அடுத்ததும் சொல்ல வேண்டியிருக்கு. அக்கான்னு சொன்னா, அட்டை கடிச்ச காலோட ஒரு அக்கா எங்கேருந்து வந்தான்னு கேப்பாங்க. அப்புறம் பரிசு எங்க குடுப்பாங்க?"

"இப்ப குடுத்துட்டாங்களா?" என்றாள் பேச்சியம்மா.

கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் சொன்னதை அவள் திரும்ப எடுக்கவில்லை. அவனும் மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காம்பராவில் மூன்று பேரும் சோறு போடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

பட்டம் வந்தது. அரசாங்க வேலைக்கும் அதே அத்தாட்சிதான் கேட்டார்கள். ஜமால்தீன் நானா, "கடையில வந்து கணக்கெழுது தம்பி, நல்லது வரும்வரக்கி" என்று கூப்பிட்டார். கொஞ்ச காலம் எழுதினான். விலங்கியல் படித்தவன் சீட்டித்துணி முழம் போடுகிறான் என்று ஹட்டனில் தெரிந்தவர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அறுபத்து மூன்றாம் வருஷக் கடைசியில் கண்டியில் இருந்த இந்தியத் தூதரகக் கிளைக்குப் போய் இந்தியப் பாஸ்போட்டுக்கு எழுதிக் கொடுத்தான். திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூடத்துச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

அவனை வழியனுப்பப் பேச்சியம்மா ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"அம்மாவப் பாத்துக்கக்கா."

"அந்தக் கம்பளியக் குடுத்துட்டுப் போ. அங்க வெயில்தானே, அம்மாவுக்கு ஆகும்" என்று கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

அவன் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் கண்டாக்கு ஐயா அவள் பேரைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ இன்னைக்கு மலைக்குப் போக வேணாம். கொழும்புலேருந்து ஒரு மாத்தயா வந்திருக்காரு, அட்டை ஆராய்ச்சிக்கு. தொரை ஒன்ன அனுப்பச் சொன்னாரு. நீ ஏற்கனவே பழகுன ஆளாமே."

காட்டோரத்தில் ஜீப் நின்றது. பக்கத்தில் நின்றவனை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. மேடையில் இரண்டாவதாகக் கூப்பிட்ட விக்கிரமநாயக்க. இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்திருந்தான். நத்தையை விட்டுவிட்டு அட்டையைத் தொடரச் சொல்லிக் கம்பெனிகள் கேட்டுக்கொண்டனவாம். ஈரச்சாக்கு விரித்திருந்தது. ஒரு பக்கம் வெந்நீர்ப் போத்தல்.

பேச்சியம்மா சாக்கையும் போத்தலையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பிப் போய்விடலாம். போனால் பேர் விழாது, வீட்டில் மீனம்மாவுக்கு மருந்து வேண்டும். இடுப்பில் சுற்றிய படங்குத் துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டு காலை வைத்தாள்.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. சிங்களத்தில் "அக்கே" என்று கூப்பிட்டான். ஒவ்வொரு கடியையும் தானே மருந்து போட்டுத் துடைத்தான். குடிக்கத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். கடைசி நாள் பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டான்.

"அக்கே, உங்கள் பேர் என்ன? முழுப் பேர்?"

அவளுக்கும் சிங்களம் வரும். "எதுக்கு மாத்தயா?"

"எழுதும்போது போட வேண்டும். உங்கள் கால் இல்லாமல் இந்த வேலை நடக்குமா?"

"செல்லசாமி மகள் பேச்சியம்மா" என்றாள்.

அடுத்த வருஷம், மழைக்காலத்துக்கு முன்னால், அவன் திரும்பவும் வந்தான். லயத்துக்கே நடந்து வந்து ஒரு அச்சடித்த புத்தகத்தைக் கொடுத்தான். அந்தச் சங்கத்து வெளியீடு. ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்து வாசித்துக் காட்டினான். கல்லோடைத் தோட்டத்துச் செல்வி பேச்சியம்மா செல்லசாமிக்கு, அவருடைய பொறுமைக்கும் உதவிக்கும் நன்றி. எட்டிப் பார்த்த பக்கத்துக் காம்பராப் பெண்கள் அவள் தோளை இடித்தார்கள்.

பேச்சியம்மா அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் எழுத்து. எது தன் பேர் என்று அவன் விரலை வைத்துத்தான் தெரிந்தது.

"எந்தம்பி பேரு எங்க மாத்தயா?"

"தம்பியா?"

"கணேசமூர்த்தி. மொதல்ல இத ஆரம்பிச்சவன். அந்த மாநாட்டுல ஒங்களுக்கு முன்னால பேரு வாங்குனானே."

விக்கிரமநாயக்கவின் முகம் மாறியது. "கணேசமூர்த்தி உங்கள் தம்பியா? எனக்குத் தெரியாதே. ஹட்டனில் கடை வைத்திருக்கிற குடும்பம் என்றல்லவா..." பாதியில் நிறுத்தினான். அந்த முதல் படத்தில் இருந்தது யார் கால் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"பேரு இருக்கா, இல்லியா?"

அவன் பக்கங்களைப் புரட்டினான். புரட்டத் தேவையில்லை என்று அவனுக்கே தெரியும். "நான் எழுதிக் கொடுத்தேன், அக்கே. அந்த ஆராய்ச்சி அச்சில் வரவில்லை. அச்சில் வராததைக் குறிப்பிடக் கூடாது என்று எடுத்துவிட்டார்கள்."

"பேருகூடவா?"

அவன் புத்தகத்தை அவளிடமே நீட்டினான்.

பேச்சியம்மா புத்தகத்தை மூடி அவன் கையில் திருப்பி வைத்தாள். கோபமாகக் கொடுக்கவில்லை. "வச்சுக்கங்க மாத்தயா. எனக்கு இத வாசிக்கத் தெரியாது" என்றாள்.

அந்த வருஷம் லயமெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது. இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் முந்தியே ஒப்பந்தம் போட்டுவிட்டன, இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டார்கள் என்றார்கள். கணேசமூர்த்தி திருச்சியிலிருந்து எழுதியிருந்தான். அங்கே அவனைச் சிலோன்காரன் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு அக்கா, இங்கே ஒரு அறை எடுத்திருக்கிறேன் என்று இருந்தது.

மீனம்மா மகனிடம் போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். "இந்தியாவுக்குப் போறவங்களோட பேரக் குடுத்துருவோம் பேச்சி. அவன் தனியாக் கெடக்கிறான்."

"நீ போம்மா. நான் கொண்டாந்து கப்பல் வரைக்கும் விட்டுட்டு வர்றேன்."

"நீ?"

"அங்க காலேஜுல நாலு பேரு வருவாங்க, போவாங்க. என்ன யாருன்னு கேட்டா அவன் முழிப்பான். பாவம், எதுக்கு?"

மீனம்மா தனியாகப் போகவும் இல்லை. மகள் மனம் மாறும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மழை தொடங்கியதும் ஜீப் திரும்பவும் மேலே ஏறி வந்தது. பெரட்டில் கண்டாக்கு ஐயா பேரைக் கூப்பிட்டார். பேச்சியம்மா கூடையை இறக்காமல் நின்றாள்.

"வேற காலு பாருங்கய்யா."

"என்னடி சொன்ன?"

"நான் மலைக்குப் போறேன்னு சொன்னேன்."

துரை சொன்னதை மீறினாள் என்று அவளுக்கு மூன்று நாள் வேலை நிறுத்தினார்கள். அவளுக்குப் பதிலாகக் கடைசி லயத்து ராசம்மாவைப் போட்டார்கள். புதிதாகப் பேர் பதிந்த பெண், பதினெட்டு வயதிருக்கும். போகிற வழியில் அது பயந்துபோய்ப் பேச்சியம்மாவின் காம்பராவுக்கு வந்தது.

"அந்த மாத்தயா பேரெல்லாம் கேட்டு எழுதிக்குவாராமே அக்கா? புஸ்தகத்துலயும் போடுவாராமே?"

"போடுவாரு" என்றாள் பேச்சியம்மா. அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. "பேரு கெடக்குது. நீ ரெட்டச் சம்பளம் கேளு."

ராசம்மா கேட்டாள். விக்கிரமநாயக்க தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கத் தயாராக இருந்தானாம். தோட்டத்தில் கெட்ட பழக்கம் ஆகிவிடும் என்று துரை தடுத்துவிட்டார். அரைப்பேர் கூடப் போட்டால் போதும் என்று முடிவாயிற்று. அந்த அரைப்பேருக்காக ராசம்மா மழைக்காலம் முழுக்கச் சாக்கில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் கழித்துப் பேச்சியம்மா படங்கைக் கட்டிக்கொண்டு, காலில் சவுக்காரத்தை அப்பிக்கொண்டு, காட்டை ஒட்டிய மேல்மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள்.